தனபால் வண்டியிலிருந்த ஸ்டிக்கர்

11, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஒரகடம் மேம்பாலத்தடியில் முழங்கால் அளவு தண்ணீர். கம்பெனி பஸ் லேட். விளக்கம் கேட்டது என்னிடம் மட்டும்.

கேன்டீனில் இன்னும் தனபால் பேச்சுதான். மண்ணூர் திருப்பத்தில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். "தங்கமான மனுசன்பா." இருந்தவரை அவனைத் திட்டாதவன் லைனில் ஒருவன் உண்டா? எம்.எஸ்சி. படித்த நான் ஸ்டோர்ஸில், ஐ.டி.ஐ. படித்த அவன் சூப்பர்வைசர். அதைக்கூட மன்னித்திருப்பேன்.

12, புதன்

வெயில். என் ஸ்டிக்கர் ஆல்பங்களுக்குப் புதுக் கற்பூரம், பூஞ்சை பிடிக்காமலிருக்க. எஃப்.எம். ரேடியோக்காரர்கள் வேனில் வந்து, வண்டியில் ஒட்டச் சொல்லி இலவசமாகக் கொடுக்கும் ஸ்டிக்கர்கள். பின்தாள் உரிக்காமல் வைத்திருப்பதுதான் சேர்ப்பவன் வேலை. ஒட்டிவிட்டால் செத்தது.

என்னிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. அலம்பல் எஃப்.எம்., முதல் அச்சு. அலைவரிசை எண்ணில் புள்ளி விட்டுப்போயிற்று. கொடுத்ததையெல்லாம் அன்றே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிறகு ரேடியோவையே மூடிவிட்டார்கள். தப்பிய ஒன்று தனபாலிடம். கெஞ்சினேன். பதிலுக்கு எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். பார்க்கிங்கில் எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, என் கண்ணெதிரே பின்தாளைக் கிழித்து பைக்கில் ஒட்டினான். சீட்டுக்குக் கீழே, பக்க மூடியில்.

"ஒட்றதுக்குத்தான்யா ஸ்டிக்கரு! புரொபசரு மூஞ்சியப் பாரு!"

அந்தச் சிரிப்பு. யார் யார் சிரித்தார்கள் என்று இன்றும் சொல்வேன்.

சாயங்காலம் போன். அவன் மனைவி சித்ரா. வண்டி போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறதாம். எடுக்க ஆள் துணை வேண்டுமாம்.

"நீங்க படிச்சவருணா. எழுதிக் குடுக்கணும்னா எனக்கு ஒண்ணும் தெரியாது."

உடனே சரி என்றேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சாவுக்கே போவாத ஆளு, வண்டி எடுக்கப் போறீங்களா?" ஒட்டிச் செத்த ஸ்டிக்கரானாலும் உலகத்தில் அது ஒன்றுதான்.

14, வெள்ளி

லீவு. புழுக்கம். பையில்: பேனா, வெள்ளைத்தாள், பிளாஸ்டிக் கவர், இவளுடைய ஹேர் டிரையர். சூடு காட்டினால் பழைய பசை இளகும்.

மனு எழுதினேன். ஏட்டு வாசித்துவிட்டு, "யாரு எழுதனது? கையெழுத்து சோக்கா கீதே" என்றார். இத்தனை வருடத்தில் யாரோ ஒருவர் சொன்னார்.

பின்புறம் வண்டிகள் குவியல். தனபால் வண்டியின் முன்சக்கரம் பப்படம். பக்க மூடி முழுசு. ஸ்டிக்கர் முழுசு. வெளிறியிருந்தது, எண்கள் தெரிந்தன. சித்ரா உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். டிரையரை எடுத்துச் சுற்றிலும் பார்த்தேன். திறந்தவெளி. எங்கே பிளக்? வீட்டில் அவ்வளவு யோசித்தவனுக்கு இது தோன்றவில்லை.

"கைல இன்னாணா?"

பின்னால் நின்றிருந்தாள்.

"ஸ்டிக்கருக்கா?" என்றாள். "தெரியும்ணா. நீங்க அத மொறைச்சிப் பாக்கறத டெய்லி வந்து சொல்லிச் சிரிப்பாரு. அதான் உங்களக் கூப்ட்டேன். மத்தவன் எவனும் போனே எடுக்கல. நீங்க வருவீங்கன்னு தெரியும்."

டிரையரைப் பார்த்துவிட்டு, "எங்க வூட்ல பிளக் கீது. வந்து எடுத்துக்கோங்க."

வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றி மண்ணூர் போனோம். அவள் முன்னால், டிரைவர் பக்கத்தில். நான் பின்னால், வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டு.

வாசலில் இறக்கியதும் உள்ளிருந்து வயரை இழுத்துக் கொடுத்தாள். ஓரம் ஓரமாகச் சூடு காட்டினேன். கிழியாமல் வந்தது. அடியில் பளபளவென்று சிவப்பு. மற்ற இடமெல்லாம் வெளிறி செங்கல் நிறம். முந்தானையால் அந்த இடத்தை மட்டும் துடைத்தாள்.

"வாங்கனப்ப வண்டி மொத்தமும் இந்தக் கலருதாணா."

ஸ்டிக்கரைக் கவரில் போட்டேன். சந்தோஷம் வரும் என்று நின்றேன். வரவில்லை. கிளம்பும்போது கேட்டாள்:

"இன்சூரன்ஸ் ஆபீசுக்கு ஒரு வாட்டி போவணுமாம். திங்கக்கெழம. வருவீங்களாணா? இனிமே எடுத்துக்க ஒண்ணும் இல்ல."

வருகிறேன் என்றேன். முன்பே தெரிந்ததுபோல் அவள் தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.