பட்டினிப் பாத்தி

ஒரகடத்து லாரி யார்டில் எனக்குக் காலை ஷிப்ட். பனி விலகாத நேரத்தில் புது லாரிகள் வரிசையாகத் தூங்குவது போல நிற்கும். இப்போது வரும் லாரிகளில், புகையைச் சுத்தம் செய்ய யூரியா கரைசலுக்கென்றே ஒரு குட்டி டேங்க் உண்டு. இன்று அதன் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டேன். அந்த நாளில் கழனிக்குப் போட்ட யூரியாவின் அதே பிசுபிசுப்பு. கேட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததுகூடக் காதில் விழவில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

1991. நமக்குக் கல்யாணமாகி முதல் சம்பா. யூரியா விலை ஏறிப்போய், நம்ம ஊர் பிள்ளைப்பாக்கத்தில் யாரைப் பார்த்தாலும் அதே பேச்சு. எவ்வளவு உரம் போட்டால் போதும் என்று கண்டுபிடித்தே தீருவேன் என்று நான் கிளம்பினேன். மண் தானாக எவ்வளவு கொடுக்கும் என்று முதலில் தெரிய வேண்டுமே! கழனியில் ஒரே அளவாக இரண்டு பாத்தி பிரித்தேன். ஒன்றுக்கு நடவுக்கு முன்பே முழு உரம். மற்றதற்கு ஒன்றுமே கிடையாது.

அந்தப் பாத்தி மெல்ல வெளுத்தது. நீ வரப்பில் நின்று முறைத்தாய்.

"இன்னாங்க இது, பந்தில ஒருத்தன உக்கார வெச்சி சோறு போடாத மாரி?"

"ஏய், இது பரீட்சை. கைய கிய்ய வெச்சிடாத!"

அப்புறம் எப்படியோ அதுவும் பச்சை கட்டியது. சாயங்கால வெயிலில் இரண்டு பாத்தியும் ஒரே பச்சையாக அசையும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் நீ நிற்பாய். வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அறுப்பில் இரண்டும் சமம். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ தலைப்பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாய். "நம்ம ஏரித் தண்ணிக்கு யூரியாவே வாணாம்" என்று டீக்கடையில் அடித்துவிட்டேன். பக்கத்துக் கழனி மாணிக்கம் அண்ணன் அதை நம்பினார். அடுத்த நவரைப் போகத்துக்கு இரண்டு பேரும் உரமே வாங்காமல் நட்டோம். நமக்கு அந்தப் போகம்தான் சோறு. அவர் அதை நம்பிப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்.

மாசி பிறந்து நீ திரும்பி வந்தபோது இரண்டு கழனியும் வெளுத்துக் கிடந்தன. பார்த்ததும் உன் முகம் செத்துப்போயிற்று.

"அந்தப் பாத்திக்கு நான்தாங்க யூரியா போட்டேன். பனி காஞ்சப்புறம், எல வெளுக்கும்போதெல்லாம் முந்தானில முடிஞ்சினு போயி... மூணு வாட்டி. பாவமா இருந்துச்சுங்க."

ஊரே கேட்கும்படி கத்தினேன். நீ அழுதுகொண்டே படியை எடுத்து, மொத்தம் எவ்வளவு போட்டாய் என்று அளந்து காட்டினாய். முழு உரத்தில் சரிபாதி! என் கத்தல் அப்படியே நின்றது. பாதி உரம், மூன்று தவணை, முழு விளைச்சல். நான் தேடிய அளவு உன் முந்தானையில் இருந்திருக்கிறது. மாணிக்கம் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். இரண்டு பேரும் அதேபோலப் போட்டோம். பயிர் பிழைத்தது, கல்யாணமும் நடந்தது.

அடுத்த வருஷம் ஊரே அப்படித்தான் போட்டது. எல்லோரும் அதை என் அளவு என்றார்கள். நான் திருத்தவில்லை. உன் காரியத்தன்றுகூட ஒருவர் அதைச் சொல்லி என்னைப் புகழ்ந்தார். தலையாட்டினேன். த்தூ, நானும் ஒரு மனுஷன்!

இன்று ஷிப்ட் முடிந்ததும் மாணிக்கம் அண்ணனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "அண்ணே, அந்த அளவு என்னுது இல்ல. அவளோடது."

அவர் காபியை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "அட போப்பா! அப்பவே எங்க வூட்ல வந்து சொல்லிச்சே. ஊருக்கே தெரியும். 'அவரு பேர்லயே இருக்கட்டும்ணே, யாரும் கேட்டுடாதீங்க, கூச்சப்படுவாரு'ன்னு வூடு வூடா கெஞ்சினு போச்சு."

இத்தனை வருஷமும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த தெருவில், எதிரே வந்தவர்களெல்லாம் உன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு எனக்கு வணக்கம் வைத்திருக்கிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அடிப்பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?