இடுப்பெலும்பு யாருக்கு

செப்டம்பர் 6

நீதிமன்ற அச்சுப்பொறியில் மறுபடி காகிதம் சிக்கியது. எடுத்துக் கொடுத்தேன். எழுத்தர் நன்றி சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார்: "ஏம்ப்பா எர்மெக், உங்க அக்காவுக்கு மாசம் எவ்வளவு வரும்?"

சம்பளத்தைச் சொன்னேன்.

"அது சம்பளம். நான் எவ்வளவு வரும்னு கேட்டேன்."

இந்த ஊரில் இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். மேரிம் அக்கா இங்கே நீதிபதியாகி நாலே முக்கால் வருடம். தலைநகர் பிஷ்கெக்கில் என்னோடு படித்தவன் ஒருவன் டாக்ஸிக்காரர்களுக்குச் செயலி எழுதி இவளைவிட இரண்டு மடங்கு வாங்குகிறான். அவன் ஒரு தொகை சொன்னால் நம்புகிறார்கள். இவள் சொன்னால் கண்ணடிக்கிறார்கள். அக்காவின் கார் என்னைவிட இரண்டு வயதுதான் சின்னது. "பாத்தியா, எப்படி மறைக்கிறா!" என்கிறார்கள்.

உறவினர் ஒரே நீதிமன்றத்தில் வேலை செய்யக் கூடாது என்று விதி. நான் ஊழியன் இல்லை, கணினிகளைப் பார்க்கும் ஒப்பந்தக்காரன். ஆகவே விதிக்கு நான் அவள் தம்பி இல்லை.

செப்டம்பர் 14

கல்யாண விருந்து. கறியைப் பங்கு வைத்தது வழக்கம்போல் ஒஸ்மோனாலி மாமா. யார் தட்டில் எந்த எலும்பு விழுகிறதோ அதுதான் எங்கள் ஊரின் பதவிப் பட்டியல். இத்தனை துல்லியமான கருவியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மின்சாரமும் வேண்டாம்.

ஆட்டின் இடுப்பெலும்பு வயதில் மூத்தவருக்கு. எழுபத்தெட்டு வயதுப் பெரியப்பா எதிரே உட்கார்ந்திருக்க, அது முப்பத்து நாலு வயது அக்காவின் தட்டுக்குப் போனது. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தேநீரைக் கேட்டார். எனக்கு விலா.

மாமா குல்லாயை நிமிர்த்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "டிசம்பர்ல அக்காவை நிரந்தரமாக்கிருவாங்கல்ல, மாப்ள?"

"தெரியல மாமா."

"ஆக்கிட்டா ஓய்வு வயசு வரைக்கும்தானே?"

"ஆமா."

விரல்விட்டு எண்ணினார். "முப்பது வருஷம்!" என்றார், அத்தனை வருடத்துக்கும் இப்போதே ஆடு பிடித்துக் கட்டிவிட்டவர்போல.

செப்டம்பர் 15

நீதிபதியின் எதிர்காலம் என்பது இதுதான். முதலில் ஐந்து வருடம். பிறகு தலைநகரில் ஒரு குழு கூடும்; நீதிமன்றத் தலைவர் எழுதும் நற்சான்றைப் படிக்கும். பிடித்தால் ஓய்வு வயது வரை. பிடிக்காவிட்டால் வீடு. கடையில் 'ஓட்டிப் பார்த்துட்டுத் தர்றேன்' என்று எடுத்துப் போகும் தண்ணீர் மோட்டாருக்கும் இதே ஏற்பாடுதான்.

'நீதிபதிகள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர்' என்று வாசலில் பலகை இருக்கிறது. ஆணி தளர்ந்து ஒரு பக்கம் தொங்கியது. ஏறி முடுக்கினேன். ஒப்பந்தத்தில் இல்லாத வேலை.

அக்டோபர் 2

மாமாவின் சம்பந்தி ஆற்றில் ஜல்லி தோண்டுகிறார். கீழே பதினோரு குடும்பங்களின் வாய்க்கால் வற்றிவிட்டது. வழக்குப் போட்டிருக்கிறார்கள். நாளை மறுநாள் காலை நீதிமன்றத்தின் கணினி இயந்திரம் வழக்கை ஒரு நீதிபதிக்குப் பிரித்துக் கொடுக்கும். இருப்பது மூன்று நீதிபதிகள்.

"அக்காகிட்ட விழுற மாதிரி பண்ணிரு. ஒரு பட்டன்தானே, மாப்ள?"

"அப்படி ஒரு பட்டனே இல்ல மாமா. குலுக்கல் மாதிரி. யாரு வேணா வரலாம்."

"குலுக்குறவன் நீதானே?"

அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் தோளைத் தட்டி, "சரி சரி, வெளிய சொல்லமாட்டேன்" என்றார்.

அக்டோபர் 3

தலைவர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவருக்கும் ஜல்லியில் அக்கறை, ஆனால் மாமாவைவிடக் கொஞ்சம் படித்த அக்கறை.

"நாளைக்கு ரெண்டு பேரை விடுப்புன்னு குறிச்சிரு. உங்க அக்காவும் ஒருத்தி."

அப்படிச் செய்தால் மிஞ்சும் ஒரே பெயர் அவருடைய ஆள். இயந்திரம் அந்த ஒருவரை மிகச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கும்.

"அவங்க விடுப்புல இல்லையே."

"உனக்கு அக்கா மேல பாசம் இல்லையா? இந்த வழக்கு அவளுக்கு எதுக்கு? டிசம்பர் வருது."

தலைவர் சொன்னது உண்மை. ரெண்டே ரெண்டு குறி. அக்கா தப்பித்துவிடுவாள், முப்பது வருடம்! யாருக்குத் தெரியப்போகிறது? — எனக்குத் தெரியும். பதிவேட்டில் என் பெயர் விழும். அதைவிட, அந்தக் குரல்... என்னவோ அவர் எனக்கு உபகாரம் பண்றாராம்!

"எழுத்துல குடுங்க, குறிச்சிடறேன்" என்றேன்.

நேர்மையெல்லாம் இல்லை. எரிச்சல்.

அக்டோபர் 4

காலை 9:07. இயந்திரம் சொன்ன பெயர்: மேரிம்.

மூன்றில் ஒன்று. சனியன் பிடித்த மூன்றில் ஒன்று.

அக்டோபர் 5

மாமா உயிருள்ள ஆட்டோடு வந்து நின்றார். "வாயால முடியாதுன்னே. கையால முடிச்சுட்டே. ஆம்பளைடா நீ."

ஆட்டைத் திருப்பி அனுப்ப ஒரு மணி நேரம் ஆனது. ஆட்டுக்குப் புரிந்தது. மாமாவுக்குப் புரியவில்லை.

அக்டோபர் 9

மாமாவின் சம்பந்தி சட்டத்துக்கு உறவு இல்லை. மாமாவுக்கோ மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்கூட உறவு. அக்கா இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, 'நான் விலகிக்கொள்ளவா' என்று கேட்டிருக்கிறாள். வாய்க்கால்காரர்கள் யோசித்து, வேண்டாம் என்றார்களாம். ஜல்லிக்காரருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. 'ஆட்சேபம் இல்லை' என்று பேனா கிழியக் கையெழுத்துப் போட்டாராம்.

தலைவர் கேட்டதை அவளிடம் சொன்னேன். நான் மாட்டேன் என்றதையும், ஒரு நிமிடம் ஆடிப்போனதையும்.

"குறிச்சிருந்தேன்னா உன்னை உள்ள தள்ளியிருப்பேன்டா," என்றாள். "அதுவும் டிசம்பருக்குள்ள."

சிரித்தாள்.

நவம்பர் 19

தீர்ப்பு. ஆற்றில் தோண்டக் கூடாது. தோண்டிய இடத்தை மூட வேண்டும். பதினான்கு பக்கம். நான்தான் அச்செடுத்தேன். காகிதம் சிக்கவில்லை.

மாலையில் மாமா தொலைபேசியில் கத்தினார்: "நீ ஒழுங்காத்தானே குலுக்கினே? அப்புறம் இவ ஏன் இப்படிப் பண்ணினா?"

டிசம்பர் 3

தலைவரின் நற்சான்று குழுவுக்குப் போய்விட்டது. அவர் கணினியில் எழுத்துரு கெட்டுப்போக, சரிசெய்யப் போனபோது திரையில் இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளவில்லை. 'சட்ட அறிவு உண்டு. சூழலைப் புரிந்துகொள்ளும் பக்குவம் போதாது.'

போதாதுதான்.

டிசம்பர் 20

குழு முடிவு சொல்லிவிட்டது. இரண்டு வாக்கு குறைவு.

அக்கா அறையைக் காலி செய்தாள்: ஒரு பூந்தொட்டி, இரண்டு கோப்பை, ஒரு ஜோடி செருப்பு. கார் கிளம்பவில்லை. நானும் காவலாளியும் தள்ளினோம். "எவ்வளவோ வந்திருக்குமே, ஒரு நல்ல வண்டி வாங்கியிருக்கலாம்" என்றான் காவலாளி, நிஜமான வருத்தத்தோடு.

ஜனவரி 12

மாமா வீட்டில் பேரனுக்குத் தொட்டில் விருந்து. அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். வாய்க்கால்காரர்களுக்காக வேறொரு வழக்கில் வக்கீலாக வாதாடப் போகிறாளாம். கூலி உருளைக்கிழங்கு மூட்டையாக வரும் என்றாள். "இனிமே எவ்வளவு வரும்னு கேட்டா மூட்டையக் காட்டலாம்."

ஆடு வந்தது. மாமா கையைக் கழுவிக்கொண்டு கத்தியை எடுத்தார். பெரியப்பா இந்த முறை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அக்காவுக்கு விலா.

இடுப்பெலும்பு மேசையைச் சுற்றி, பெரியப்பாவைத் தாண்டி, என் தட்டில் வந்து விழுந்தது.

"மாமா, இது எதுக்கு?"

"நான் கேட்டேன், நீ செஞ்சே. சொதப்பினது அவ. உன் வேலை சுத்தம்." குரலைத் தாழ்த்தினார். "நீதிபதிங்க அஞ்சு வருஷத்துல போயிருவாங்க. பட்டன் உங்கிட்டதானே மாப்ள இருக்கும்!"

பந்தியே என்னை மரியாதையாகப் பார்த்தது. யாரோ என் கோப்பையை முதலில் நிரப்பினார்கள்.

அக்கா விலாவைக் கடித்துக்கொண்டே குனிந்தாள். "சாப்பிடுடா. சூடு ஆறிடும்."

என் ஒப்பந்தத்தைத் தலைவர் புதுப்பிக்கவில்லை, டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. எலும்பைப் பெரியப்பாவின் பக்கம் நகர்த்தினேன். அவர் பதறிப்போய்த் திருப்பித் தள்ளினார்.

"வேண்டாம்ப்பா, வேண்டாம். எனக்கும் ஒரு வழக்கு இருக்கு."