அக்காவின் ஹில்லாச் சதுப்பு

மே 12
அக்கா ஓர்வோக்கி, பை நிறைய ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளோடு வந்தாள். "கீமோ உன் எலும்பு மஜ்ஜையைப் பொசுக்குதுடி. இது காவல்காரன் மாதிரி நிக்கும்." முப்பது வருடம் பஸ் ஓட்டியவள். மஜ்ஜையோடு அவளுக்குப் பழக்கம் சூப்பில்தான்.

மே 14
டாக்டர் ஹக்கரைனென் சிரிக்கவே மாட்டார். "பழம் நல்லா சாப்பிடுங்க. மாத்திரை வேண்டாம். மஜ்ஜையைக் காப்பாத்தப் போய்க் கட்டியையும் சேர்த்துக் காப்பாத்திட்டா? உறுதியா யாருக்கும் தெரியல."
ஆக, காவல்காரன் திருடனுக்கும் குடை பிடிப்பானாம்.

மே 15
"அப்ப இதைத் தின்னு" என்று அக்கா நீட்டினாள். ஒரு ஜாடி ஹில்லா ஜாம்! சதுப்பில் விளையும் மஞ்சள் பழம். எங்கள் ஊரில் மூலநோயைக்கூடச் சொல்வார்கள். ஹில்லா பறிக்கும் இடத்தைச் சொல்லமாட்டார்கள். கூடப்பிறந்தவளிடமும்.
"எங்க பறிச்ச?"
"காட்டுல."

ஜூன் 3
வெள்ளையணுக்கள் தரைமட்டம். கீமோ தள்ளிப்போயிற்று. கட்டி மட்டும் பொறுமையாகக் காத்திருக்குமா?
"நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள் அக்கா.
ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பயமாக இருக்கிறது. டப்பாவிலேயே போட்டு மூடினேன்.

ஜூன் 9
காய்ச்சல். ஆஸ்பத்திரி. அக்கா முகக்கவசத்தோடு குனிந்து காதில் சொன்னாள்: "பழைய ரயில் பாலம் தாண்டி இடது பக்கம். ஒத்தப் பைன் மரம். அதுக்குப் பின்னாலதான் ஹில்லா."
ஐயோ. புருஷனுக்கே சொல்லாத இடம்! அப்படின்னா நான் போகப்போறேன்னு முடிவே பண்ணிட்டாளா? டாக்டர் இவகிட்ட என்ன சொன்னாரு? — போர்வைக்குள் அழுதேன்.

ஜூன் 17
மஜ்ஜையைத் தட்டியெழுப்ப ஊசி போட்டார்கள். எலும்பெல்லாம் வலி. அணுக்கள் ஏறுகின்றன! கீமோ தொடருமாம். அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "அன்னிக்கு நான் ஏதோ உளறினேன்ல?"
"காய்ச்சல்ல கிடந்தேன். ஒண்ணும் ஞாபகமில்ல."

ஜூலை 21
கடைசி கீமோவும் முடிந்தது.

ஆகஸ்ட் 2
டாக்டர் கட்டி சுருங்கிவிட்டது என்றார். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம்.
நேராக வாளியோடு பாலம் தாண்டினேன். மொட்டைத் தலையில் கொசுக்களுக்கு விருந்து. பைன் மரத்துக்குப் பின்னால் சதுப்பு முழுக்க மஞ்சள். பாதி வாளி நிறைந்தபோது பின்னால் குரல்:
"அடிப்பாவி! நீ செத்துடுவேன்னு நம்பித்தானேடி சொன்னேன்!"
அக்கா, அவள் வாளியோடு. ஈரப் பாசியில் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மரத்துக்கு அந்தப் பக்கம் என்னுது. தாண்டினா தொலைச்சிடுவேன்" என்றாள்.
தாண்டித்தான் பறித்தேன்.