பதினேழாவது கேள்வி

அன்புள்ள என் எஜமானிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுகிறேன். இங்கே பிள்ளைகளும் நானும் சௌக்கியம். நீ சௌக்கியமாக இல்லை என்பது நேற்று போனிலேயே தெரிந்துவிட்டது. நேற்று நான் சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ அழுவாய், நான் உளறுவேன். எழுதினால் உளறியதை அடித்துவிடலாம்.

"இந்த சாஃப்ட்வேர் என் மண்டையில ஏறாது, நாற்பத்திரண்டு வயசுல எனக்கு எதுக்கு இந்த வேலை, வெள்ளிக்கிழமை கிளம்பி வந்துடறேன்" என்றாய். நானும் யோசிக்காமல், "சரி, வந்துடு" என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆராய்ச்சி செய்யக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பன்னிரண்டு வார வகுப்புக்கு நீ போனதிலிருந்து, இந்த ஆறு வாரமும் வீடு வீடாக இல்லை. போனை வைத்த பிறகுதான் நீ சொன்ன அந்த எண் உறுத்த ஆரம்பித்தது.

கடைகளில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் நூற்றிருபது பெண்களிடம் நீ அலைந்து திரிந்து பதில் வாங்கி வந்தாய். "ஒரு நாளில் உங்களுக்கென்று மட்டும் எத்தனை மணி நேரம்?" என்ற பதினேழாவது கேள்விக்குச் சராசரி முப்பதே முக்கால் மணி என்று வந்ததாம். அதைத் திரையில் போட்டதும் வகுப்பே சிரித்ததாம். "உங்க ஊர்ல ஒரு நாளுக்கு எத்தனை மணிம்மா?" என்று வாத்தியார் கேட்டாராம். பன்னிரண்டு வருஷம் யார் யாருடைய ஆராய்ச்சிக்கோ வீடு வீடாகப் போய் ஃபார்ம் நிரப்பிக் கொடுத்தவள் நீ. முதல் முறையாகச் சொந்தமாக ஒன்று செய்யப் போன இடத்தில் இப்படிச் சிரித்தால் யாருக்குத்தான் தாங்கும்?

ஆனால் குற்றவாளி அங்கே இல்லை. இங்கே மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

நீ ஊருக்குப் போகும்போது, பதில்களை லேப்டாப்பில் ஏற்றும் வேலையை என்னிடம் கொடுத்து, செய்முறையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாய் அல்லவா? பதில் இல்லாத இடத்தில் 99 போட வேண்டும் என்பது முதல் வரி. 99 என்றால் பதில் இல்லை என்று ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக சாஃப்ட்வேருக்குச் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது வரி. நான் முதல் கேள்விக்கு மட்டும் சொன்னேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று, மற்றதையெல்லாம் அதுவே புரிந்துகொள்ளும் என நினைத்துவிட்டேன். அது மனுஷனா, குறிப்பறிந்து நடக்க? பதினேழாவது கேள்விக்குப் பதில் சொல்லாத முப்பத்தாறு பெண்களுக்கும் ஆளுக்குத் தொண்ணூற்றொன்பது மணி நேர ஓய்வு கொடுத்துவிட்டது. மற்ற கேள்விகளை யாரும் காலியாக விடாததால் என் குட்டு இத்தனை நாள் வெளிப்படவில்லை.

இன்று காலை கடை திறந்ததும் அதைச் சரிசெய்தேன். சராசரி ஒன்றரை மணி என்று வந்தது. திருத்திய கோப்பை உனக்கு மெயிலில் அனுப்பியிருக்கிறேன். வாத்தியாரிடம் காட்டு. தப்பு என் வீட்டுக்காரருடையது என்று தாராளமாகச் சொல், எனக்கு மானம் ஒன்றும் போகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது அந்த முப்பத்தாறு பேரையும் சாஃப்ட்வேர் ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுகிறது. முறை அதுதான் போலிருக்கிறது. ஆனால் சரிபார்ப்பதற்காக அவர்களுடைய ஃபார்ம்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் நீ பென்சிலால் குறித்திருக்கிறாய். "சிரித்தார்." "அப்படின்னா என்னங்க என்று கேட்டார்." "பதில் சொல்லாமல் பிள்ளைக்குத் தலை வாரிவிட்டார்." எனக்கு உன் படிப்பு தெரியாது. ஆனால் இந்த முப்பத்தாறு பேரைப் பற்றி உன்னைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது என்று மட்டும் தோன்றுகிறது.

கட்டின் அடியில் எண் போடாத ஃபார்ம் ஒன்று இருந்தது. உன் கையெழுத்து. கேள்விகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க, முதலில் உன்னையே நீ கேட்டு நிரப்பியிருக்கிறாய். கணவர் தொழில், கண்ணாடிக் கடை. வீட்டு வேலையில் கணவர் உதவுவாரா என்ற கேள்விக்கு எப்போதும், சில நேரம், கேட்டால், இல்லை என்று நான்கு கட்டங்கள். நீ "கேட்டால்" என்பதில் டிக் போட்டிருக்கிறாய். பதினாறு வருஷக் குடும்பத்துக்கு என் மார்க் அது. கோபம் வந்தது, மறுக்க மாட்டேன். பிறகு பதினேழாவது கேள்வியைப் பார்த்தேன். முதலில் 2 என்று எழுதி அடித்திருக்கிறாய். பிறகு 1 என்று எழுதி, அதையும் அடித்துவிட்டுக் காலியாக விட்டிருக்கிறாய்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண் சோதிக்க வந்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "என்ன தம்பி, எழுத்து மங்கலா தெரியுதா?" என்று என்னைக் கேட்டார். ஊருக்கெல்லாம் பார்வை பார்க்கிறவன் நான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரை எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன்.

நீ அங்கே மூன்று பேர் தங்கும் அறையில் இருக்கிறாய், ஜன்னல் ஓரக் கட்டில் உனக்குக் கிடைத்தது, சாயங்காலம் தனியாக நடந்துவிட்டு வருகிறாய் என்று முதல் வாரம் சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது தெரியுமா? கல்யாணமான புதிதில் கேட்ட குரல். அதை மறந்துவிட்டு "வந்துடு" என்றேனே, அந்த வார்த்தையைத்தான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வராதே. மீதி ஆறு வாரமும் இருந்து முடித்துவிட்டு வா.

இங்கே ஒன்றும் முழுகிப்போகவில்லை. பெரியவள் பரீட்சை நன்றாக எழுதினாள். சின்னவனுக்கு ஒரு பல் விழுந்தது, உனக்குக் காட்ட டப்பாவில் வைத்திருக்கிறான். பால் இரண்டு முறை பொங்கி அடுப்பெல்லாம் ஆனது. பள்ளிக்கூடக் காலுறைகள் எங்கே இருக்கின்றன என்று இப்போது எனக்கே தெரியும்.

உன் ஃபார்மையும் ஏற்றினேன், நூற்றிருபத்தோராவதாக, தனிக் கோப்பில். பதினேழாவது கட்டத்தில் 99 போட எனக்குக் கை வரவில்லை. காலியாகவே விட்டிருக்கிறேன். படிப்பை முடித்து வந்து, உன் கையாலேயே ஓர் எண் எழுது. சின்ன எண்ணாக இருந்தாலும் போதும், இந்த முறை அடித்துவிடாதே.

இப்படிக்கு,
கேட்காமலே செய்யப் பழகிக்கொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரன்