மாத்திரை போய் சிரப்பு வந்தது

ஜனவரி 8, வியாழன்

காலையில் நல்ல பனி. எதிரில் வந்த சைக்கிள் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. வேலைக்கு லீவு. கடலூர் டாக்டர்.

தைராய்டு டெஸ்ட்டில் டி.எஸ்.எச். பதினாலு. போன தடவை பன்னிரண்டு. மாத்திரை முதலில் நூறு, அப்புறம் நூற்றிருபத்தஞ்சு, இப்போது நூற்றைம்பது. மாத்திரை ஏற ஏற அதுவும் கூடவே ஏறுகிறது. என்ன ஜென்மமோ.

"வெறும் வயித்துலதானம்மா போடறீங்க?"

"ஆமாங்க சார். எழுந்ததும் தண்ணியில."

"ஒரு நாளும் விடறதில்லையே?"

"இல்லைங்க சார்."

சத்தியமான பதில். காய்ச்சலில் கிடந்தபோதுகூட விடவில்லை. டாக்டர் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். மாத்திரை என் உடம்பில் சரியாகக் கரைந்து ஏறவில்லை போலிருக்கிறது, அதே அளவைச் சிரப்பாகக் கொடுத்துப் பார்ப்போம் என்றார். தைராய்டுக்குச் சிரப்பு இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

மார்ச் கடைசியில் இவர் மஸ்கட்டிலிருந்து வருகிறார். ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பத்தஞ்சு நாள் லீவு, அவ்வளவுதான் எங்கள் குடித்தனம். அதற்குள் டி.எஸ்.எச். இரண்டரைக்குக் கீழே வரணும். வந்தால்தான் குழந்தைக்குப் பார்க்கலாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். போன லீவில் தங்கியது மூணாம் மாசம் போய்விட்டது. தைராய்டும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். எனக்கு முப்பத்துநாலு. இந்த லீவை விட்டால் அடுத்த லீவு முப்பத்தாறில்.

வாங்கியது: சிரப்பு. அளந்து குடிக்க ஊசி இல்லாத சிரிஞ்ச். மாமியாருக்கு மூட்டுவலித் தைலம். வடலூரில் பஸ் நின்றபோது வேர்க்கடலை. கடலை வீடு வந்து சேரவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

முதல் சிரப்பு. லேசாக இனிக்குது. வாயைத் துடைப்பதற்குள் மாமியார் டீயோடு வந்து நிற்கிறார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் முதல் டீ அவர் கை டீதான். இஞ்சி தட்டும் சத்தம்தான் எனக்கு அலாரம். நான் வேலை பார்க்கும் பொம்மைக் கம்பெனியில் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை.

"தேவி, மருந்து எப்புடி இருக்குது?"

"உங்க டீ மாதிரி இல்ல அத்தை."

ஒரே பெருமை அவருக்கு.

ஜனவரி 22, வியாழன்

ஸ்வெட்டர் இல்லாமல் வேலைக்குப் போனேன்!! இது செய்தி. மூன்று வருஷமாக எனக்கு எப்போதும் குளிர். சித்திரை வெயிலிலும் கை சில்லென்று இருக்கும். பொம்மை சுடுகிற சூளைக்குப் பின்னால் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்து வர்ணம் அடித்த ஒரே ஆள் நான்தான்.

பர்வீன் அக்கா எனக்குப் பக்கத்து இருக்கை. மங்கலம்பேட்டையிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். என்னைப் பார்த்ததும், "என்னாடி, ஸ்வெட்டரை யாரு திருடிட்டாங்க?" என்றார். மேஸ்திரி வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

முடி கொட்டுவது குறைஞ்ச மாதிரி இருக்கிறது. சீப்பைப் பார்த்தேன். ஆமாம்.

பிப்ரவரி 4, புதன்

இன்று வேலைக்குக் கிளம்பும் முன் செய்தவை: பரணில் இருந்த பித்தளைப் பாத்திரம் எல்லாம் புளி போட்டுத் தேய்த்தது. கொசுவலை துவைத்தது. இவர் சட்டைகளை வெயிலில் போட்டது. மாடிப்படி கழுவியது. அப்புறமும் பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே போனேன். நானா இது? எழுந்து உட்காரவே கால் மணி நேரம் யோசிப்பவள்.

பிள்ளையார் பொம்மை ஆர்டர். நேற்றைவிட இரண்டு தட்டு அதிகம் முடித்தேன். மேஸ்திரி மற்றவர்களிடம் என்னைக் காட்டிக் காட்டிப் பேச, எல்லாரும் என்னை முறைக்கிறார்கள்.

இவர் போன் பண்ணினார். சிரப்பு, சட்டை, கொசுவலை, லீவு, எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏய், மூச்சு உட்டுப் பேசு. எங்கயும் ஓடிப் போவ மாட்டேன்."

"நீங்க வந்ததும் பாருங்க. நான் வேற ஆளு."

"பழைய ஆளே நல்லாத்தான இருந்தா?"

இப்படிப் பேசினால் நான் என்ன செய்ய.

பிப்ரவரி 15, ஞாயிறு

தூக்கம் சரியாக வரவில்லை. சந்தோஷம்தான். கண்ணை மூடினால் மனசு எங்கெங்கோ போகிறது. தொட்டில் எந்தக் கொக்கியில் மாட்டுவது, ஹாலிலா ரூமிலா. மாமியாரிடம் கேட்டேன்.

"மொதல்ல உம் புருசன் வரட்டும். அப்புறம் கொக்கிய பாக்கலாம்."

வேர்க்குது. மாசி மாசத்துக்கே ஃபேனை முழு வேகத்தில் வைத்திருக்கிறேன். மாமியார் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னையே பார்க்கிறார். படி ஏறினால் நெஞ்சு திக் திக். இளைத்தும் இருக்கிறேன், ஜாக்கெட் எல்லாம் தொளதொள. பிடிக்கணும். இளைத்ததில் எனக்கு ஏக குஷி.

பிப்ரவரி 20, வெள்ளி

மானம் போச்சு. பிள்ளையாருக்குக் கண் எழுதும்போது கை நடுங்கியது. ஒரு கண் தும்பிக்கையைப் பார்க்குது, ஒரு கண் காதைப் பார்க்குது. துடைத்து மறுபடி எழுதினேன். அதுவும் அப்படியே. கண் எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள இந்தத் தொழிற்பேட்டையில் ஆள் கிடையாது, இதை நானே சொல்லிக்கொள்ளலாம், யாரும் படிக்கப் போவதில்லை.

மேஸ்திரி கோணக்கண் பிள்ளையார் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவரு யார பாக்குறாரும்மா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

இவர் வருவதை நினைத்துப் படபடப்பு என்று சொல்லி வைத்தேன். எல்லாரும் ஓட்டினார்கள். பர்வீன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

பிப்ரவரி 23, திங்கள்

கிருத்திகை. எங்கள் முருகன் கொளஞ்சியப்பருக்காக விரதம், காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. பர்வீன் அக்காவுக்கு நோம்பு. மதியம் எல்லாரும் டப்பாவைத் திறக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டோம். டீக்காரர் வந்தார். ஒன்று வாங்கினேன்.

"என்னாடி, வெரதம்னு சொன்ன?"

"ஆமாக்கா. ஒண்ணுமே சாப்புடல."

"கையில இருக்குறது என்னா?"

"டீதானக்கா. டீ சாப்பாட்டுல சேராது. எங்க வூட்டுல வெரதம்னா எல்லாரும் டீ குடிச்சிட்டுத்தான் இருப்பாங்க."

"எங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடிச்சாலே நோம்பு போச்சு. ஒங்க சாமி பரவால்ல, நல்ல மாதிரி."

சிரித்தேன். பாதி டீயில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, வெறும் வயிறுன்னா டீயும் குடிக்கக் கூடாதா?"

"எங்க மாமிக்கும் தைராய்டுதான. மாத்திரை போட்டா ஒரு மணி நேரத்துக்கு டீ பக்கமே போவ மாட்டாங்க. நீ எப்ப குடிப்ப?"

"போட்டதும்."

"எத்தினி வருசமா?"

மீதி டீயை மரத்துக்கு ஊற்றினேன். டாக்டர் கேட்டது வயிறு காலியா என்று. காலிதான் என்றேன். எங்கள் கணக்கில் டீ குடித்தாலும் அது காலி வயிறுதான். அவர் டீயைக் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. மாத்திரை பாவம், டீயில் மாட்டிக்கொண்டு என்ன பாடுபட்டதோ.

நாளை ரத்தம் கொடுக்கணும். மறுநாள் கடலூர்.

பிப்ரவரி 25, புதன்

புள்ளி பூஜ்யம் நாலு. பதினாலில் இருந்தது அடியோடு விழுந்திருக்கிறது. இரண்டரைக்குக் கீழேதானே என்று சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. இவ்வளவு கீழே வருவதும் கெடுதலாம், இதயத்துக்கும் ஆகாது, இந்த நிலையில் கரு தங்குவதும் கூடாது.

டீ விஷயத்தைச் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். டீ குறுக்கே நின்றதால் மாத்திரை பாதிகூட ஏறவில்லையாம். அது தெரியாமல் அளவை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். சிரப்பு டீக்கெல்லாம் அவ்வளவாக அசராதாம். அதனால் நூற்றைம்பதும் முழுசாக உள்ளே போய்விட்டது.

"நானும் கேட்டிருக்கணும்மா," என்றார். நல்ல மனுஷன்.

"படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் கம்மி, காரணமில்லாம ஒரு உற்சாகம், இதெல்லாம் இருந்துச்சா?"

எல்லாமே இருந்தது. ஆனால் என் உற்சாகத்துக்குக் காரணம் இருந்ததே சார். சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அதே நினைப்பு. தொட்டில் கொக்கி தேடியது நானா, மருந்தா?

சிரப்பு இனி பாதி அளவு. டீ ஒரு மணி நேரம் கழித்து. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம். அதுவரைக்கும் கவனமாக இருக்கணும். ஆறு வாரம் என்றால் இவர் வந்து பத்து நாள் ஓடிவிடும். அப்போதும் சரியாகவில்லை என்றால் இந்த லீவும் போச்சு.

பிப்ரவரி 26, வியாழன்

காலையில் இஞ்சி தட்டும் சத்தம் இல்லை. எழுந்து பார்த்தால் அடுப்படி இருட்டு. மாமியார் பின்வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார். நேற்று இவரிடம் நான் போனில் சொன்னது காதில் விழுந்திருக்கிறது.

"என் டீயாலயாம்மா அந்தப் புள்ள போச்சு?"

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை அத்தை, அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். காதில் வாங்கவில்லை. "நாந்தான ஆசையா எடுத்துட்டு வந்து குடுத்தேன்," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று தெரியாத கோபம். இரண்டு பேரும் அழுதோம். அந்தப் பிள்ளைக்காக இந்த வீட்டில் சேர்ந்து அழுதது இன்றைக்குத்தான்.

அப்புறம் நான் டீ போட்டேன், கல்யாணமாகி முதல் தடவை. தண்ணியாக இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

மார்ச் 12, வியாழன்

கை நின்றுவிட்டது. பிள்ளையாருக்கு இரண்டு கண்ணும் நேரே பார்க்கின்றன. மேஸ்திரி தட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார், அவரிடம் அதுதான் பாராட்டு. இரவு தூங்குகிறேன். பித்தளைப் பாத்திரம் தேய்க்கும் ஆசை போய்விட்டது, அது மருந்துதான். இவர் டிக்கெட் போட்டாச்சு என்றதும் கம்பெனி கக்கூஸில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன். இது மருந்து இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

வந்துவிட்டார். ஜங்ஷனில் ரயில் நின்றதும் நான் ஒரு பெட்டிக்கு ஓட, அவர் வேறு பெட்டியிலிருந்து இறங்கி என் பின்னாலேயே வந்து நிற்கிறார். கறுத்திருக்கிறார். முன்மண்டையில் முடி குறைந்திருக்கிறது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேற ஆளுன்னு சொன்ன, அதே ஆளுதான் இருக்குது," என்றார். பெட்டியை அவர் தலையில் போடலாம் போல இருந்தது.

மாமியார் மீன்குழம்பு. சாப்பிட்டுவிட்டு ஹாலிலேயே தூங்கிப் போனார் மனுஷன்.

ஏப்ரல் 3, வெள்ளி

வெயில். தலையணைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் டாக்டர். இப்படிச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் ஹாலிலிருந்து மாமியார் இருமினார்.

அப்புறம் கேட்டேன், இந்தத் தடவையும் இல்லை என்றால்? "இல்லன்னா இல்ல. உன் ஒடம்பு நல்லா இருந்தா போதும்," என்றார். அவர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் போதாது. எனக்கு வேணும்.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் ரத்தம் கொடுத்தேன். சாயங்காலம் வாட்ஸப்பில் வரும் என்றார்கள். வரவில்லை. பத்து தடவை போனைத் திறந்தேன். இவர் என் கையிலிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டு அவர் பதினைந்து தடவை திறந்தார்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஒன்று புள்ளி எட்டு!

வேலையில் இருந்தேன். போனை பர்வீன் அக்காவிடம் நீட்டினேன், எனக்குக் கண் மறைத்தது. அக்கா வாய்விட்டுப் படித்துவிட்டு, "மாஷா அல்லா. இங்க என்னாடி பண்ற? கெளம்பு," என்று என் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்கினார். டாக்டருக்குப் போன் போட்டேன். இதே அளவு சிரப்பு, மாற்ற வேண்டாம், முயற்சி பண்ணலாம் என்றார். மேஸ்திரியிடம் அரை நாள் லீவு கேட்டேன். எதுக்கு என்று கேட்டார். தலைவலி என்றேன். நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவர் நம்பியிருக்க மாட்டார்.

வீட்டில் சொன்னேன். இவர் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். மாமியார் நேரே உள்ளே போனார். ஒயர்கூடையில் இரண்டு புடவை, தைலம், வெற்றிலைப் பை. செருப்பைத் தேடுகிறார்.

"எங்க அத்தை?"

"ஸ்ரீமுஷ்ணம். எம்பொண்ண பாத்து நாளாச்சு. கோயிலுக்கும் போயி வேண்டிக்கிட்டு வரணும். அடுத்த வெள்ளிக்குத்தான் வருவேன்."

இவர், என் அருமைப் புருஷன், சட்டையை மாட்டிக்கொண்டே சொல்கிறார்: "இரும்மா, நானும் வரேன். நானும் அக்காவ பாத்து ரெண்டு வருசமாச்சு."

மாமியார் அவரை ஒரு பார்வை பார்த்தார். "நீ எதுக்குடா? பஸ் ஸ்டாண்டுல உட்டுட்டு நேரா வூட்டுக்கு வா. வழியில எவங்கிட்டயும் நின்னு பேசாத."

போயிருக்கிறார்கள். தெருவில் வெயில், ஆள் இல்லை. முகம் கழுவிப் பொட்டு வைத்தேன். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். வண்டிச் சத்தம். நம்ம வண்டிதான்