நீலக்கண்ணாடி வரிசையும் உன் அத்தானின் வலக்கையும்

நேற்றுப் பிரதான வீதியில் புத்தகக் கடைக்காரர் ஒரு கட்டைப் பிரித்தார். பசை வாசமும் மை வாசமும் ஒன்றாக எழும்பி முகத்தில் அடித்தன. மேலே கிடந்தது நீலக்கண்ணாடி வரிசை. அட்டையில் அதே கத்தி, அதே இரத்தம், மூலையில் நீலக் கண்ணாடி போட்டபடி நிற்கிற அதே துப்பறிகிறவர். இத்தனை வருசத்தில் அவருக்கு ஒரு நரைகூட விழவில்லை. இந்தியப் புத்தகம் வராமல் கிடந்த காலத்தில் பழைய ஒரு பிரதிக்கு எத்தனை பேரின் காலில் விழுந்திருப்போம்! இப்போது வந்து குவிகின்றன, நீதான் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. செத்தவளோடு கோபிக்கிறது மடைத்தனம், தெரியும். என்றாலும் வந்தது.

உன் சாவில் துப்பறிய ஒன்றுமில்லை. செங்கமாரி. கண் மஞ்சளாகி, பிறகு கையும் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தாய். நீலக்கண்ணாடிக்காரர் வந்திருந்தால் வாசலிலேயே திரும்பிப் போயிருப்பார்.

அந்தப் புத்தகங்களில் அப்படி என்ன கிடக்கிறது என்று அந்த நாளில் எல்லாரும் கேட்டார்கள். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் மதர் அடிமட்டக் கோலால் விரல் மொழியில் அடித்துக் கேட்டா. என் அப்பா கேட்கக்கூட இல்லை, பறித்துக் குசினி அடுப்பில் போட்டார். நீ நெருப்புக்குள் கையை விட்டு இழுத்து எடுத்தாய். உள்ளங்கை பொங்கிப் போயிற்று. அப்பா உன்னைப் பார்த்து, "உது பிள்ளையோ பேயோ?" என்றார். நீ கருகிய ஓரத்தை ஊதிவிட்டு, "கடைசி அத்தியாயம் தப்பியிட்டுது, மாமா" என்றாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போய்க் கொஞ்சக் காலம். எங்கள் இருவருக்கும் பதின்மூன்று, பதினாலு வயது. ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, உள்துறைமுகக் கரையோரம், வேலிக்கு வேலி முட்டின வீடுகள். எங்கள் தெருப் பெட்டைகளுக்குள் ஒரு சட்டம் இருந்தது. துப்பறிகிறவர் நீலக் கண்ணாடியை எடுத்து மாட்டுகிற இடம் வந்ததும் புத்தகத்தை மூட வேண்டும். கொலைகாரன் ஆர் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னால் ஆளுக்கொரு குட்டு. உன் குட்டு என்றால் உச்சி விண்ணென்று தெறிக்கும். நீ ஒரு நாளும் பிழையாகச் சொன்னதில்லை, அதனால் உன்னைக் குட்ட எங்களுக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை. ஒருத்தி வயிற்றெரிச்சலில் கொலைகாரன் பெயரை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தாள் என்று அவளின் தோளைக் கடித்தாயே, அந்தப் பல் அடையாளம் அவளின் கலியாணப் படத்திலும் தெரிந்தது.

உன் அக்காவைக் கட்டியவனை அத்தான் என்று எழுத வாய் கூசுகிறது. அவன் என்றே எழுதுகிறேன். அவனுக்குத் துறைமுகத்தில் இயந்திரம் பொருத்துகிற வேலை. கோயிலில் பாடுவான், நல்ல குரல். பூசைக்குப் பிறகு பெண்டுகள் எல்லாரும், "குடுத்துவைச்சவள் உன்ர அக்கா" என்று உன்னிடம் சொல்லுவார்கள். அந்தக் குடுத்துவைத்தவள் ஒரு நாள் உதடு வெடித்து வந்தா. இன்னொரு நாள் கன்னம் நீலம் பாரித்து வந்தா. கேட்டால் ஒரே பதில்: "கிணத்தடியில வழுக்கி விழுந்தனான்."

நீ என்னை இழுத்துக்கொண்டு போய் அந்தக் கிணற்றடியைக் காட்டினாய். மழையைக் கண்டு மாதங்கள். சீமெந்து வெடித்துக் காய்ந்து கிடந்தது. "எடி, இதில எறும்பும் வழுக்காது" என்றாய். காயம் இடப்பக்கக் கன்னத்தில், அப்படியென்றால் முன்னுக்கு நின்று அடித்தவனுக்கு வலக்கைப் பழக்கம். குப்பைக்குள் இரண்டாக முறிந்த சீப்பு, அதில் கொத்தாக மயிர். நீ ஒவ்வொன்றாகச் சேர்த்தாய். அக்காவைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் உன் தலைக்குள் இருந்தது. எப்படி என்பதும் உனக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அந்த வரிசையில் எல்லாக் கதையும் ஒரே மாதிரித்தான் முடியும். துப்பறிகிறவர் எல்லாரையும் ஒரு அறைக்குள் கூட்டி வைத்து, அத்தாட்சியை ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் பெயரைச் சொல்லுவார். பெயரைச் சொன்னால் சரி. கொலைகாரன் தலையைக் குனிவான், மிச்சத்தைப் பொலிஸ் பார்த்துக்கொள்ளும்.

ஒக்டோபரில் மாதா சுரூபம் வீடு வீடாக வருமல்லவா? இன்று செபமாலை சொன்ன வீட்டார் நாளைக்குச் சுரூபத்தைச் சுமந்து அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். சுரூபம் நிற்கிற வீட்டுக்குத் தெரு முழுவதும் வரவேண்டும், வராவிட்டால் குறை. அக்கா வீட்டு முறை வந்தது. "நாங்கள் ஒருத்தரையும் கூப்பிடத் தேவையில்லை. மாதாவே கூட்டித் தாறா" என்றாய். ஒன்று சொல்லுகிறேன், அந்தப் பின்னேரம் உன்னைவிட வடிவான ஒருத்தியை நான் கண்டதில்லை. இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சட்டையுமாய், அவனுக்கு நேரெதிரே பாயில் இருந்தாய்.

கடைசிப் பாட்டு முடிந்தது. அவித்த கடலைத் தட்டு குசினியிலிருந்து வந்தது. நீ எழும்பினாய். கிணற்றடியைச் சொன்னாய், கன்னத்தைச் சொன்னாய், சீப்பைச் சொன்னாய். பிறகு புத்தகத்தில் வருகிற வசனத்தை அப்படியே சொன்னாய்: "இதைச் செய்தவர் இந்த அறைக்குள்ளதான் இருக்கிறார்."

புத்தகத்தில் என்றால் அந்த இடத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். இங்கே ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. எல்லாரும் தங்கள் தங்கள் முழங்காலைப் பார்த்தார்கள். நீ அவனின் பெயரைச் சொன்னாய். அதற்கும் ஒருவரும் திடுக்கிடவில்லை. முன்வீட்டு மாமி சொன்னா, "கடலை ஆறுது, எடுங்கோவன்." செபம் சொன்ன மூப்பர் தொண்டையைச் செருமி, "பிள்ளை, இரு. குடும்பமெண்டா நாலும் இருக்கும்" என்றார். உன் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா.

அவன் சிரித்தான். "புத்தகம் வாசிச்சுப் பிள்ளைக்கு மூளை கலங்கிப் போச்சு." நீ அக்காவைப் பார்த்தாய். அக்கா எழும்பி வந்து, அத்தனை பேருக்கும் முன்னால், உன் கன்னத்தில் பளாரென்று அறைந்தா. "ஆரடி உன்னைக் கேட்டது?"

நீ அழவில்லை. நான்தான் அழுதேன். அந்தத் தெருவில் மர்மம் என்று ஒன்று இருக்கவேயில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. எல்லாருக்கும் எப்போதோ தெரியும். உன் அம்மாவுக்குத் தெரியும், மூப்பருக்குத் தெரியும், குடுத்துவைத்தவள் என்று சொன்ன பெண்டுகளுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

அடுத்த நாள் அக்காவின் இடக்காதில் பஞ்சு. பஞ்சு சிவந்திருந்தது. "கிணத்தடியில வழுக்கி விழுந்தனான்" என்று எங்களிடம் கத்திச் சொன்னா. தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காதபடியால்தான் கத்தினா என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் காது பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

நீ என்னோடு கடற்கரை வரைக்கும் நடந்தாய். மீன் வந்து இறங்குகிற நேரம், சனம் நிறைய. அவன் வேலை முடிந்து மீன் வாங்க வந்திருந்தான். குனிந்து, ஒரு பாரையின் செவுளை வலக்கையால் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான். கரையில் இழுத்துவைத்த வள்ளத்துக்குள்ளிருந்து நீ துடுப்பை எடுத்தாய். நான் "வேண்டாமடி" என்று சொன்னேனா, நினைத்தேனா, தெரியாது. ஓங்கி முழங்கையில் அடித்தாய். அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. அவன் மணலில் விழுந்தான். நீ இன்னுமொரு முறை ஓங்கி, அதே இடத்தில் அடித்தாய். இரண்டாவது அடிதான் கையை முறித்தது. எனக்குப் பயமாக இருந்தது. மகிழ்ச்சியாகவும் இருந்தது, பொய் சொல்லி என்ன பயன்? துடுப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வள்ளக்காரரிடம், "மன்னியுங்கோ அண்ணை, கேக்காமல் எடுத்திட்டன்" என்றாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லிப் பொலிஸ் வந்தது. எங்கள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு இன்ஸ்பெக்டர் எங்கள் தெருவில் நின்று, "ஆர் செய்தது?" என்று கேட்டார். அவ்வளவு சனம் பார்த்ததே. மீன்காரர் காணவில்லை என்றார். வள்ளக்காரர், தான் சின்ன வயசிலிருந்தே தூரப்பார்வை குறைந்தவர் என்பது போல் ஒரு கதை சொன்னார். முன்வீட்டு மாமி, "நாங்கள் செபத்தில இருந்தனாங்கள், ஐயா" என்றா, பட்டப்பகலில். அக்காவுக்காக வாய் திறக்காத அதே சனம் உனக்கும் அப்படியே வாயை மூடிக்கொண்டது. கடைசியாக அவனையே கேட்டார்கள். ஒரு பெட்டை அடித்தது என்று எந்த ஆம்பிளை சொல்லுவான்? கையைக் கட்டித் தொங்கவிட்டபடி அவன் சொன்னான்: "கிணத்தடியில வழுக்கி விழுந்தனான்."

இதைக் கேட்டு நீ ஆறு மாதம் சிரித்தாய். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. முறிந்த கை கோணலாகப் பொருந்தியது, தோளுக்கு மேலே எழும்பவில்லை. அடி நின்றது. வாய் நிற்கவில்லை. உன்னோடு கதைக்கக் கூடாது, உன் முகத்தில் முழிக்கக் கூடாது என்று அவன் போட்ட கட்டளையை அக்கா கடைசி மட்டும் காத்தா. கோயிலில் உன்னைக் கண்டால் மறுபக்கம் திரும்புவா. நான் எத்தனை முறை தூது போனேன்? "என்ர மனுசனை முடமாக்கினவளோட எனக்கென்ன கதை" என்பா. அதைக் கேட்டு நீ அன்றைக்கெல்லாம் வேலைக்குள் புகுந்துவிடுவாய்.

நீ ஆஸ்பத்திரித் தாதியானது எனக்குப் புதினமாக இருக்கவில்லை. மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ ஒரு பெண் முகம் வீங்கி வந்தால், மற்றத் தாதிமார், "எங்க விழுந்தனீ?" என்று கேட்பார்கள். நீ, "ஆர்?" என்று மட்டும் கேட்பாய். அந்த வரிசை இன்றைக்கும் ஏன் விற்கிறது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்லுவேன். கொலையும் கத்தியும் எங்கேயும் கிடைக்கும். ஒருத்திக்கு ஒன்று நடந்தால், வேலை மெனக்கெட்டு வந்து "ஆர்?" என்று கேட்க ஒரு ஆள் அதற்குள் இருக்கிறார். எங்கள் தெருவில் கிடைக்காத சாமான் அது ஒன்றுதான்.

கடைசிக் கிழமை உன் கட்டிலடியில் இருந்தேன். "அக்கா வந்தவவோ?" என்று கேட்டாய். "வாறா" என்றேன். பொய். நீ பொய்யைக் கண்டுபிடிக்காமல் விடுகிற ஆளா? மஞ்சள் கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய்.

அக்கா உன் செத்த வீட்டுக்கு வந்தா. அவனும் வந்தான், வெள்ளைச் சட்டையோடு. முற்றம் நிறையச் சனம், பாதர், பழைய தெரு முழுவதும். பெட்டி மூடினதும் ஆம்பிளைகள் தூக்கக் குனிந்தார்கள். அவனும் முன்னுக்கு வந்து, இடக்கையைப் பெட்டியில் வைத்தான்.

"கையை எடு" என்றா அக்கா.

நான் உன் அக்காவின் குரலை அப்படிக் கேட்டதில்லை. பெட்டி தூக்க நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். அக்கா கூட்டத்தைப் பார்த்தா, ஒவ்வொரு முகமாக. "என்னை அடிச்சவன் இவன். என்ர காதை உடைச்சவன் இவன். இவன்ர கையை முறிச்சவள் இந்தா கிடக்கிறாள். உங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவள் உயிரோட இருக்கேக்க நான் வாய் திறந்து சொல்லேல்லை."

இந்த முறை ஒருவரும் கடலையைப் பற்றிக் கதைக்கவில்லை. அவன் கையை எடுத்தான். படலையைத் திறந்துகொண்டு போனான். அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவன் விட்ட இடத்தில் தோளைக் கொடுத்து உன்னைத் தூக்கினா. பெண்பிள்ளை பெட்டி தூக்குகிற வழக்கம் இல்லை என்று மூப்பரின் மகன் வாயெடுத்தான், பாதர் அவனின் தோளில் கையை வைத்தார். சேமக்காலைக் குழியடி வரைக்கும் அக்காதான் சுமந்தா.

அவ பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. இப்போது என்னோடுதான், பின்னறையில். பகல் முழுவதும் தையல், பின்னேரத்தில் நான் நீலக்கண்ணாடி வரிசையை வாசித்துக் காட்ட வேண்டும். கேட்கிற காதுப் பக்கமாக என் கதிரையை இழுத்துப் போடுவா. நேற்று வாங்கியதையும் பிரித்து முதல் வரியை வாசிக்கத் தொடங்க முன்னம் மறித்தா.

"முதல்ல கடைசிப் பக்கத்தைப் பார்த்து, ஆர் எண்டு சொல்லு. பிறகு வாசி. தெரிஞ்சுகொண்டும் சும்மா இருக்கிறவை ஆரார் எண்டு பாக்கவேணும்."

நீ இருந்திருந்தால் எனக்குக் குட்டு விழுந்திருக்கும். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பெயரைச் சொன்னேன்.