ஓர் அரிசி நீளம்

ஜூன் 1, ஞாயிறு

அவர் நாளைக் காலை வெளியூர் கிளம்புகிறார். புதுக் கட்டிடம் ஒன்றில் நான்கு லிஃப்ட் பொருத்த வேண்டுமாம், இருபத்தேழாம் தேதிதான் திரும்புவார். சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று என் கன்னத்தில் கை வைத்தார். தட்டிவிட்டேன். வேண்டுமென்று செய்வதில்லை, கை தானாகப் போய்விடுகிறது. மாலை ஐந்து மணி. காலையில் மழித்த தாடை சொரசொரக்கத் தொடங்கியிருக்கும்.

கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். அப்புறம், "என்னைப் புடிக்கலைன்னா சொல்லிடு. கல்யாணமான நாள்லேருந்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டே இருக்க. அஞ்சு மாசமாச்சு," என்றார்.

புடிக்கலையா? எனக்கா? லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எப்படியெல்லாம் கத்துவார்கள் என்று அவர் நடித்துக் காட்டினால் வயிறு வலிக்கச் சிரிக்கிறேனே, அதெல்லாம் கணக்கில்லையா? ஆனால் என்னத்தைச் சொல்வது? தினம் விடியுமுன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் தாடி மழிக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஜூன் 3, செவ்வாய்

வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பார்லருக்குப் போனேன். இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தாயிற்று.

பார்லர் அக்கா என் தாடையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். முகம் சுளிப்பாரோ என்று நான் அவரையே பார்த்தேன். சுளிக்கவில்லை. "ஹார்மோனா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். மாத்திரை சாப்பிடுகிறேன், அது ஆமை வேகத்தில் வேலை செய்கிறது என்றேன்.

"வாக்ஸ் பண்ணிடலாம். வேரோட வந்துடும், மூணு வாரம் வழவழன்னு இருக்கும். ஆனா இன்னிக்கு முடியாது. முடி ஒரு அரிசி நீளம் வளரணும். இல்லைன்னா மெழுகு புடிக்காது."

"எத்தனை நாளாகும்க்கா?"

"மூணு வாரம். பிளேடு பக்கமே போகக் கூடாது."

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். தாடியை எடுக்கணும்னா முதலில் தாடி வளர்க்கணுமாம்! அக்கா இன்னும் சொன்னார். மழித்து விழுந்த தழும்புக்கு நான் போடும் க்ரீமை நிறுத்திவிட வேண்டும், அது தோலை மெலிய வைக்கும், மெழுகோடு தோலும் உரிந்து வரும். இரண்டு நாள் முன்னால் ஒரே ஒரு தடவை மெதுவாக ஸ்க்ரப் போட்டு இறந்த தோலை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முடி வேரோடு வராமல் நடுவில் அறுந்துவிடும். அன்றைக்கு எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது.

இருபத்தாறாம் தேதி நான்கு மணிக்கு வரச் சொன்னார். என் வீட்டுக்காரர் வருவது மறுநாள் காலை. அவர் ஊரில் இல்லாத இந்த நாட்களை விட்டால் எனக்கு வேறு நாளே இல்லை.

ஜூன் 4, புதன்

அம்மாவிடம் போனில் சொன்னேன். "பேசாம காலைல எந்திரிச்சு எடுத்துக்கிட்டே இருடி. ஒரு குழந்தை பொறக்கட்டும். அப்புறம் தெரிஞ்சாலும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

தொடவே விடாதவளுக்குக் குழந்தை வானத்திலிருந்தா விழும்? கேட்கவில்லை. சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

கடையில் ஒரு அம்மா. முதல் தடவையாக வாசிப்புக் கண்ணாடி போடுகிறார். காதோரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நான் குனிந்து பார்க்க வேண்டும், இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. "ஆஹா, எல்லாம் பளிச்சுன்னு தெரியுதே!" என்றார். சொல்லிவிட்டு என் தாடையையே பார்த்தார். "ஏம்மா, உனக்கு என்ன இது?"

அந்தக் கண்ணாடியை நானே தேய்த்துத் துடைத்துக் கொடுத்தேனே!

ஜூன் 10, செவ்வாய்

இன்றிலிருந்து மாஸ்க். மேனேஜரிடம் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். சுற்றி நாற்பது ஐம்பது முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டி வைத்த கடை. எங்கே திரும்பினாலும் நானே நிற்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

மத்தியானம் வீடியோ கால். போனை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு வாரமா உன் நெத்தியத்தான் பாத்துட்டிருக்கேன். நல்ல நெத்திதான். மிச்சம் எங்க?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சரி, வேலை இருக்கு," என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ரேஸரைக் குப்பைக்கூடையில் போட்டேன். பத்து நிமிஷத்தில் எடுத்துக் கழுவினேன். தாடையில் வைத்தேன். ஒரே இழுப்பு, எல்லாம் போய்விடும், வீடியோவில் முழு முகத்தையும் காட்டலாம். ஆனால் இழுத்தால் மறுபடி முதலிலிருந்து. அவர் வந்துவிடுவார், மறுபடி அதே குழாய், அதே கையைத் தட்டிவிடுவது. தெருமுனைத் தொட்டிக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 21, சனி

அரிசியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தால்... எழுத வேண்டாம். இதை அவர் பார்த்தால் நான் செத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

அக்கா ஒரு தடவை என்றார். ஆனால் இறந்த தோல் கொஞ்சம் மிஞ்சி, முடி பாதியில் அறுந்து போனால்? அதனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே ஸ்க்ரப் போடுகிறேன், காலை ஒன்று மாலை ஒன்று. ஸ்க்ரப் தீர்ந்துவிட்டது. இன்று சர்க்கரையை எலுமிச்சைச் சாற்றில் குழைத்துத் தேய்த்தேன். எரிகிறது. எரிந்தால் சுத்தமாகிறது என்றுதானே அர்த்தம்?

ஜூன் 26, வியாழன்

இல்லையாம். அப்படி அர்த்தம் இல்லையாம்.

மாஸ்க்கைக் கழற்றியதும் அக்கா மெழுகுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "என்னம்மா பண்ணி வச்சிருக்க? தோலே வழண்டு போயிருக்கே!"

"பரவால்லக்கா. போடுங்க. வலி தாங்குவேன்."

"வலி இல்லம்மா பிரச்சினை. இதுமேல மெழுகு போட்டு இழுத்தா சதை தெரியும். நான் கை வைக்க மாட்டேன்."

கெஞ்சினேன். அந்த நாற்காலியிலிருந்து இறங்கமாட்டேன் என்றேன். காலைப் பிடிக்காத குறை. அக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது, ஆனால் மசியவில்லை. இரண்டு வாரம் ஆறட்டும், டாக்டரைப் பார், பிளேடும் வைக்காதே, சீழ் பிடித்துவிடும் என்றார்.

ஆக, எடுக்கவும் முடியாது, மழிக்கவும் முடியாது. நானாகவே தேடிக்கொண்டது. ஐயோ, ஒரு தடவைன்னு சொன்னாங்களே, ஒரே ஒரு தடவைன்னு தானே சொன்னாங்க! நாளைக்குக் காலைல அவர் வந்துடுவாரே. நான் எங்க போவேன்?

ஜூன் 27, வெள்ளி

ஒன்பது மணிக்கு வந்தார். மாஸ்க் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"வீட்டுக்குள்ள எதுக்கு இது?"

"சளி. பக்கத்துல வராதீங்க."

பெட்டியைக் கீழே வைத்தவர் மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "சரி. நான் அண்ணன் வீட்ல இருந்துக்கறேன். நீ நிம்மதியா இரு." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். களைத்துப் போய்ச் சொன்னார். படியில் இரண்டு படி இறங்கிவிட்டார்.

மாஸ்க்கைக் கழற்றினேன்.

திரும்பிப் பார்த்தார். ஒரு படி பின்வாங்கினார். அதைப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் எழுத மாட்டேன். "என்ன ஆச்சு? எங்கயாவது விழுந்தியா?"

"தாடிங்க. எனக்குத் தாடி வளருது. தினமும் எடுக்கறேன். நீங்க வர்றதுக்குள்ள ஒழிச்சுக் கட்டலாம்னு பாத்தேன், தோலை உரிச்சுக்கிட்டேன்." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன், படிக்கட்டிலேயே.

பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "இதுக்குத்தானா?" என்றார். அப்புறம்தான் கோபம் வந்தது. "என்னைக் கண்டாலே உனக்கு ஆகலைன்னு நெனச்சு அஞ்சு மாசம் செத்துக்கிட்டிருந்தேன்டி. கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?"

என் முகத்தைப் பார்த்தார், கீழே பார்த்தார். "தெரியல," என்றார்.

ஆனால் பெட்டியை வீட்டுக்குள்தான் கொண்டுவந்தார்.

ஜூன் 30, திங்கள்

தோல் டாக்டரிடம் அவரே கூட்டிப் போனார். மருந்துக் குழாயில் எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தார். என்னிடம் மூன்று வார்த்தை பேசவில்லை.

ஜூலை 5, சனி

காலையில் தன் தாடையை மழித்துக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்றதைக் கண்ணாடியில் பார்த்து, "இத தினமும் இருட்டுலயா பண்ணின? எனக்கு லைட் போட்டே வெட்டிக்குது," என்றார். உள்ளே போய் அழுதேன். நல்ல அழுகைதான் என்று நினைக்கிறேன். இன்னும் தொடவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

தோல் ஆறிவிட்டது. முந்தாநாள் ஒரே ஒரு தடவை ஸ்க்ரப், அதுவும் பூப்போல. அக்கா முதலில் காதுக்குக் கீழே கொஞ்சம் போட்டுப் பார்த்து, பிறகு முழுதும் எடுத்தார். உயிர் போய்த் திரும்பியது. அவர் வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது சிக்னலில் நின்றோம். தலையைத் திருப்பாமல் பேசினார்.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டியே. யோசிச்சுப் பாத்தேன். சொல்லியிருந்தா கட்டியிருக்க மாட்டேன்னுதான் தோணுது."

இதைக் கேட்கத்தானா இத்தனை நாள்? இறங்கி நடந்துவிடலாமா என்று பார்த்தேன். பச்சை விழுந்துவிட்டது, பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்கள். அவர் வண்டியை எடுக்கவில்லை.

"நல்ல வேளை, நீ சொல்லல," என்றார்.

வண்டி கிளம்பியதும் அவர் தோளில் என் தாடையை வைத்துக்கொண்டேன். சட்டை பட்டு எரிந்தது. வீடு வரும்வரை எடுக்கவில்லை.